கோடு ஒன்று, சட்டம் இரண்டா?

அம்மையார்குப்பத்துத் தறிவீடு ஒன்றில் அமர்ந்திருந்தோம். தறிச் சத்தத்துக்கு நடுவே பேச்சு சடுகுடுவின் பக்கம் திரும்பிற்று. "ஆட்டம் நடக்கும்போதே சட்டம் எதுவென்று நடுவருக்கே தெரியவில்லை என்றால், ஆடுகிறவன் என்ன செய்வான் அண்ணே?" என்று கேட்டார் ஓர் இளைஞர். பாவைச் சரிபார்த்துக் கொண்டிருந்த பெரியவர் தலைநிமிராமலே சொன்னார்: "பாவு ஓட்டின பிறகு அச்சை மாத்துவாங்களா தம்பி? மாத்தினா சேலையா வரும்?"

நாம் பத்தி பத்தியாக எழுதினாலும் அந்தப் பெரியவர் சொன்னதற்கு ஈடாகாது. இருந்தும் எழுதுகிறோம். ஏன்? அந்த அநீதி நடந்தது. நடந்தபோது நாம் கைதட்டினோம்!

2023 அக்டோபர் 7. சீன நாட்டு ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆடவர் கபடி இறுதியாட்டம். எதிரெதிரே இந்தியாவும் ஈரானும். 2018இல் ஜகார்த்தா அரையிறுதியில் 27க்கு 18 என்று நம்மை வீழ்த்தி, 1990 முதல் நம் கையைவிட்டு நகராதிருந்த தங்கத்தைத் தட்டிப் பறித்ததே, அதே ஈரான்! எண்ணிக்கை 28க்கு 28. மிச்சமிருப்பது ஏறத்தாழ ஒரு நிமிடம். இந்திய அணித்தலைவர் பவன் செராவத் பாடிப் போகிறார். எவரையும் தொடுமுன்பே ஓரத்து லாபியில் கால் வைத்து விடுகிறார். அவரைப் பிடிக்கப் பாய்ந்த ஈரானியரும் பின்னாலேயே லாபிக்குள் நுழைந்து விடுகிறார்கள்.

தொட்ட பிறகுதான் லாபி ஆடுகளம். தொடாமல் நுழைந்தால் அது வெளி. இது கபடி ஆடும் சிறுவனுக்கும் தெரியும். சிக்கல் அடுத்த அடியில். பழைய விதிப்படி, பாடிப் போனவரும் அவுட், அவரைத் தொடர்ந்து நுழைந்த அத்தனை பேரும் அவுட். புதிய விதிப்படி, பாடிப் போனவர் மட்டுமே அவுட். பன்னாட்டுச் சட்டநூலில் இருந்தது பழையது. புரோ கபடி லீக் கைக்கொண்டது புதியது. ஒரே ஆட்டத்துக்கு இரண்டு வேதம்!

நடுவர்கள் முதலில் ஆளுக்கு ஒரு புள்ளி என்றார்கள். முறையீடு எழுந்தது. தீர்ப்பு இந்தப் பக்கம் சாய்ந்தது. உடனே அந்தப் பக்கத்தில் கூச்சல். தீர்ப்பு அங்கே சாய்ந்தது. வீரர்கள் களத்திலேயே உட்கார்ந்தார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. ஒரு நிமிட ஆட்டத்துக்கு ஒரு மணி நேர ஆலோசனை! கடைசியில் இந்தியாவுக்கு நான்கு, ஈரானுக்கு ஒன்று. ஆட்டம் 33க்கு 29 என்று முடிந்தது. தங்கம் நமக்கு.

"சட்டநூலில் பழைய விதிதானே இருந்தது? நியாயம்தானே கிடைத்தது? பிறகு ஏன் புலம்பல்?" என்று நம் நண்பர்களே கேட்பார்கள். கேட்கட்டும். முடிவு சரியாகவே இருக்கலாம். அது வந்த வழி சரியா? சட்டநூல் சொன்னது என்றால் முதல் நிமிடத்திலேயே சொல்லியிருக்க வேண்டாமா? உட்கார்ந்தவன் எழுந்தபின், எழுந்தவன் உட்கார்ந்தபின் கிடைக்கிற புள்ளியைப் புள்ளி என்பதா, பேரம் என்பதா?

இன்னொன்றும் பாருங்கள். 2022இல் தமிழ் தலைவாஸ் அணி 2 கோடியே 26 இலட்சம் ரூபாய் கொடுத்து ஏலத்தில் எடுத்த வீரர்தான் அந்தப் பவன். ஈரானின் பசல் அத்ராசலியோ நம் லீகில் பல பருவம் ஆடிப் பழகியவர். கூலிக்கு ஆடும் களத்தில் ஒரு விதி, கொடிக்கு ஆடும் களத்தில் ஒரு விதி! கால் பழகியது ஒன்று, கணக்கு எழுதப்பட்டது வேறொன்று. தடுமாறிய நடுவரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். இரண்டு புத்தகத்தை அவர் கையில் திணித்தது யார்? அந்தப் பெரிய மனிதர்கள் மேடையில் மாலையோடு நின்றார்கள். வசவு விசிலுக்கு விழுந்தது.

2001 நவம்பர் நினைவிருக்கிறதா? தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்தில் கிரிக்கெட் ஆட்ட நடுவர் மைக் டென்னஸ் இந்திய வீரர்கள் ஆறு பேரைத் தண்டித்தார். அவர்களில் டெண்டுல்கரும் ஒருவர். சேவாக்குக்கு ஒரு டெஸ்ட் தடை. அளவுமீறி முறையிட்டார்கள் என்பது அவர்களில் பலர்மீது குற்றச்சாட்டு. எதிரணியும்தான் தொண்டை கிழியக் கத்தியது. அங்கே ஒருவருக்கும் தண்டனை இல்லை. நாடே கொதித்தது. நியாயமான கொதிப்பு! ஆனால் அன்று "இரு தரப்புக்கும் ஒரே அளவு" என்று கேட்ட வாய், 2023இல் ஈரான்காரன் அதையே கேட்டபோது இனிப்பைத்தான் மென்றது.

திருத்தணி வட்டாரத்தாருக்குக் கோட்டின் அருமையை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆந்திரத்தோடு எல்லை பிரித்தபோது அளவுகோலை முன்னதாகச் சொன்னார்கள்: கிராமமே அலகு, பெரும்பான்மை மொழியே கணக்கு, நிலம் தொடர்ந்திருக்க வேண்டும். 1959ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி நம்மோடு சேர்ந்தது. இழந்த ஊரை எண்ணிக் கசந்தவர்கள் எல்லையின் இரு பக்கமும் உண்டு. ஊருக்கு ஒரு கோல் என்று அளந்திருந்தால் அந்தக் கசப்பு ஆறியிருக்குமா?

கபடிச் சம்மேளனத்தாரிடம் நாம் கேட்பது பெரிய வரம் அல்ல. லீகுக்கும் பன்னாட்டுக் களத்துக்கும் ஒரே விதிநூல். அது முடியாதென்றால், எந்த விதி என்பதை ஆட்டம் தொடங்குமுன் இரு அணித்தலைவர்களிடமும் எழுத்தில் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். ஒரு தாள், இரண்டு கையொப்பம். அம்மையார்குப்பத்தில் நூலை எடைபோட்டுக் கொடுக்கிறவர்கள்கூடக் கணக்கைச் சீட்டில் எழுதித்தான் கொடுக்கிறார்கள்.