கொப்பரையில் இறங்கிய குடிமகன்

தோழனே!

நாடகம் எழுதிப் பழகியவன் நான். ஆகவே ஒரு காட்சியோடுதான் தொடங்குவேன், பொறுத்துக்கொள்.

திரை விலகுகிறது. மேடையின் பின்புறத்தே பெருங்கப்பல் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. கப்பலிலிருந்து இறங்க ஒரு சாய்பலகை. அதன் அடியிலே, ஆளை விழுங்கும் அளவுக்கு அகன்ற கொப்பரை! பல நாட்டுப் பாட்டாளிகள், தத்தம் தாய்நாட்டு உடையோடு, தோளிலே மூட்டையோடு, ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்து கொப்பரைக்குள் மறைகின்றனர். ஆசிரியர்கள் நீண்ட அகப்பை கொண்டு துழாவுகின்றனர். துழாவத் துழாவ, அவர்கள் மீண்டும் வெளிப்படுகின்றனர். அனைவரும் அமெரிக்க உடையில், அனைவர் கையிலும் அமெரிக்கக் கொடி!

எந்த நாடக மன்றத்தின் படைப்பு இது என்று கேட்பாய். மன்றமல்ல, தோழனே, மோட்டார் ஆலை! டெட்ராய்ட் நகரை அடுத்த ஹைலண்ட் பார்க்கிலே, ஹென்றி ஃபோர்டு தம் தொழிலாளர்க்கென 1914ல் தொடங்கிய ஆங்கிலப் பள்ளியின் பட்டமளிப்பு விழாக் காட்சி அது. 'உருக்குக் கொப்பரை' என்ற சொல்லும் மேடையிலே பிரபலமானதுதான். இஸ்ரேல் சாங்வில் எழுதி, 1908ல் வாஷிங்டனில் அரங்கேறி, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே வந்து பார்த்த நாடகத்தின் பெயர் அது. நாடகக்காரன் கற்பனை செய்தான். முதலாளி அதை ஆலைக்குள் கொண்டுவந்து அகப்பையும் செய்து கொடுத்துவிட்டான்!

ஆங்கிலம் கற்பித்தது குற்றமா? இல்லை. வந்த நாட்டின் மொழி தெரியாதவன் கூலியையும் கேட்க முடியாது, கொடுமையையும் சொல்ல முடியாது. கற்பித்தது நன்றே. ஆனால் கற்பித்தவன் யார், எதைக் கற்பித்தான், எதை மறைத்தான் என்று பார். நாளொன்றுக்கு ஐந்து டாலர் என்று ஃபோர்டு முழங்கினாரே, அதிலே ஏறத்தாழப் பாதி, தொழிலாளியின் நன்னடத்தையைப் பொறுத்துத் தரப்பட்ட பங்கு. நடத்தையை அளக்க ஆலையிலே தனித் துறை. அதன் ஆட்கள் வீடு தேடி வருவர். குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீடு துப்புரவாக இருக்கிறதா என்று குறிப்பெடுப்பர். துப்புரவைக் கற்பித்த அதே ஆலை, தொழிற்சங்கம் சேரும் உரிமையைக் கற்பித்ததா? 1941 வரை அந்த ஆலைக்காரர் எந்தச் சங்கத்தோடும் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதே விடை. பணியத் தெரிந்தவனுக்குக் குடிமகன் என்று பட்டம் கட்டினார்கள், அவ்வளவே!

அதே நாட்டிலே இன்னொரு பள்ளி இருந்தது. சிகாகோவில் ஹால்ஸ்டெட் தெருவிலே, ஜேன் ஆடம்ஸ் அம்மையாரும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889ல் திறந்த 'ஹல் ஹவுஸ்'. அங்கும் ஆங்கிலம் கற்பித்தார்கள், குடிமையும் கற்பித்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தார்கள். ஆங்கிலம் பேசக் கற்ற பிள்ளை, பேசத் தெரியாத தாயைக் கண்டு வெட்கப்பட்டது. என்ன செய்தார்கள்? 1900ல் 'உழைப்பு அருங்காட்சியகம்' ஒன்று அமைத்து, அந்தத் தாய்மாரையே ராட்டையின் முன் உட்காரவைத்து, நூற்கவும் நெய்யவும் சொல்லி, ஊரையே அழைத்துக் காட்டினார்கள். கந்தலென்று கருதிய தாயைக் கலைஞராகக் கண்டது பிள்ளை. அந்தக் கூடத்திலே மூட்டையை எவரும் கொப்பரையில் போடச் சொல்லவில்லை, அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். ஆடம்ஸ் அம்மையார் குறையே இல்லாதவர் என்று நான் வாதாட வரவில்லை. கொப்பரைக்கும் கூடத்துக்கும் உள்ள தூரத்தைக் காட்டவே சொன்னேன்.

இன்று அமெரிக்கக் குடியுரிமை கோருபவனுக்குத் தேர்வு உண்டு. 2008 முதல் நூறு வினாக்களின் பட்டியல். பத்து கேட்பார்கள், ஆறுக்கு விடை சொன்னால் போதும். 2025 அக்டோபரில் அதை 128 வினாக்களாக்கி, இருபது கேட்டுப் பன்னிரண்டு சொல்ல வேண்டுமென்று இறுக்கிவிட்டார்கள். இறுக்கியது எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் ஒரு நேர்மை அங்கே இருக்கிறது: வினாவையும் விடையையும் அரசே முன்கூட்டி அச்சிட்டுக் கொடுக்கிறது. ஆஸ்திரேலியா செய்தது தெரியுமா? 1901 சட்டப்படி, வேண்டாதவன் கப்பலில் வந்தால், ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களை வாசிப்பார்கள். பிழையின்றி எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம்! 1934ல் எகான் கிஷ் என்ற எழுத்தாளர் வந்தார். பாசிசத்தை எதிர்ப்பவர், பல மொழி அறிந்தவர். ஆங்கிலத்தில் வைத்தால் எழுதிவிடுவாரே! ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் வைத்தார்கள். உயர்நீதிமன்றமே அது செல்லாது என்றது. அந்தத் தேர்வு ஒழிய 1958 ஆயிற்று.

கடல் கடந்த கதை எதற்கு என்கிறாயா? நம் கரைக்கு வருகிறேன்.

1948ல் இலங்கை, தேயிலைத் தோட்டத் தமிழனிடம் வினா எதுவும் கேட்கவில்லை. தேர்வு எதுவும் வைக்கவில்லை. தந்தையோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இம்மண்ணில் பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது. கொழுந்து பறித்தவளின் கூடையிலே பூட்டனின் பிறப்புச் சீட்டா இருக்கும்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். அவர்தம் வழிவந்தோர் பலரும், வடக்கு கிழக்கின் ஈழத்தமிழரும், 1983 முதல் நெருப்புக்குத் தப்பி நம் கரைக்கு வந்தார்கள். தமிழ்நாட்டில் இன்று நூறுக்கும் மேற்பட்ட முகாம்கள். 2021ல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது. பெயர் மாறியதை வரவேற்றவன் நான். குடியுரிமை?

1955 சட்டம், இயல்புரிமையால் குடிமகனாக விரும்புபவன் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றைப் போதிய அளவு அறிந்திருக்க வேண்டும் என்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறதே! தாய்ப்பாலோடு தேறிவிட்டார்களே அந்தத் தேர்வில்! ஆனால் உரிய கடவுச்சீட்டின்றி வந்தவன் 'சட்டவிரோதக் குடியேறி', அவன் விண்ணப்பிக்கவே கூடாது என்று 2003 திருத்தம் கதவைச் சாத்திற்று. 2019 திருத்தம் மூன்று நாடுகளுக்குக் கதவு திறந்தபோது, இலங்கை என்ற பெயரே அதில் இல்லை. 2025ல், பதிவு செய்துகொண்ட ஏதிலியர்க்குத் தண்டனையிலிருந்து விலக்கு அளித்தார்கள். தண்டிக்கமாட்டோம் என்பது வேறு. நீயும் எங்களில் ஒருவன் என்பது வேறு.

சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்தில் போராடுவோம். அது நம் உறுப்பினர் கடன். உனக்கும் எனக்கும் உள்ள கடன் வேறு. அதே 1955 சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் படித்திருக்கிறாயா? 1950 சனவரி 26 முதல் 1987 சூன் 30 வரை இந்திய மண்ணிலே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். பெற்றோர் எந்நாட்டவர் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. அகதியின் வயிற்றிலே, மண்டபத்திலே 1985ல் பிறந்த குழந்தையும் குடிமகவே! நாற்பது ஆண்டு ஏதிலி என்ற அட்டையைச் சுமந்தவர், அன்றே குடிமகனாகப் பிறந்தவராக இருக்கலாம், சொல்வார் இல்லை. அப்படிப் பிறந்த ஒருவர் உயர்நீதிமன்றம் ஏறி வழக்காடித்தான், 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். ஒருவர்!

குடிமைப் பாடம் என்றால் இதுதான், தோழனே. கல்லூரியைப் பாதியில் விட்ட எனக்கு இதைக் கற்பித்தது எங்கள் தெருப் படிப்பகம். ஒருவர் வாசிக்க ஒன்பது பேர் கேட்ட இடம். அந்தப் பலகையை முகாம் வாசலுக்குத் தூக்கிச் செல்ல இரண்டு பேர் போதாதா?

வழக்கறிஞர் அணித் தோழர் ஒருவரையும் அழைத்துக்கொள். கொடி வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், மாலை வேண்டவே வேண்டாம். பாடம் நடத்தப் போகிறோம் என்ற மிடுக்கும் வேண்டாம்; அவர்களிடம் நீ கேட்டறிய வேண்டியதே அதிகம். உட்கார். தகரப்பெட்டியிலே மடித்து வைத்திருக்கும் பிறப்புச் சான்றிதழைக் காட்டச் சொல். பிறந்த ஊர் எது என்று பார். நாள், 1987 சூன் 30க்கு முன்பா பின்பா என்று பார். முன்பு என்றால், மூன்றாம் பிரிவை அவர் கையிலே கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்.