சின்ன பைலுக்கு முதல் பேக் அப்

பேக் அப் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது போட்டோக்கள், வீடியோக்கள், கணக்கு பைல்கள். எது அதிக இடம் பிடிக்கிறதோ அதைத்தான் முதலில் காப்பி செய்கிறோம். விர்ச்சுவல் மெஷின் பயன்படுத்துபவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்கலாம். உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே, ஒரு புரோகிராமின் உதவியால் இயங்கும் இன்னொரு கம்ப்யூட்டர் அது. விண்டோஸ் 11 உள்ள புதுக் கம்ப்யூட்டரில் எக்ஸ்பி காலத்துப் பழைய புரோகிராம் ஓட மறுக்கிறதா? ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸ் மூலம் ஒரு மெஷினை உருவாக்கி, அதில் எக்ஸ்பியைப் பதிந்து ஓட்டிக் கொள்ளலாம்.

நிறுவனங்களில் இதே வேலை பெரிய அளவில் நடக்கிறது. விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ பதிந்த பல சர்வர்கள், ஒவ்வொன்றிலும் பல விர்ச்சுவல் மெஷின்கள். அனைத்தையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்க விசென்டர் என்று தனியாக ஒரு சர்வர். (விஎம்வேர் 2023 நவம்பரில் பிராட்காம் வசம் போனது.)

விசென்டர் நின்று போனால் என்ன ஆகும்? ஓடிக் கொண்டிருக்கும் மெஷின்கள் பாட்டுக்கு ஓடும். ஒரு சர்வர் பழுதானால் அதிலிருந்த மெஷின்களை வேறு சர்வரில் துவக்கும் வசதியை முன்பே அமைத்திருந்தால் அதுவும் வேலை செய்யும். ஓடும் மெஷினை இடம் மாற்றும் விமோஷன் போன்றவைதான் நின்று விடும். அதனால்தான், "அதில் டேட்டா ஒன்றும் இல்லையே, போனால் புதிதாகப் பதிந்து கொள்ளலாம்" என்று சிலர் வாதிடுகிறார்கள். ஒரு காலத்தில் இது ஓரளவு சரி. இன்று ஆபத்து.

காரணம், சாவி. விண்டோஸ் 11 பதிய டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் தேவை. விர்ச்சுவல் மெஷினில் நிஜ சிப் இல்லாததால் விர்ச்சுவல் டிபிஎம் தருகிறார்கள். விஎம்வேரில் இதைச் சேர்த்தால் மெஷினின் சில பைல்கள் என்க்ரிப்ட் ஆகின்றன, அதாவது பூட்டப்படுகின்றன. பூட்டுக்கான சாவியைக் கொடுக்கும் வசதி 2021-இல் வந்த 7.0 அப்டேட் 2 முதல் விசென்டரிலேயே இருக்கிறது. சாவியை ஒரு முறையாவது பேக் அப் எடுத்தால்தான் இந்த வசதியைப் பயன்படுத்தவே அனுமதி. தயாரித்தவர்களே கட்டாயப்படுத்துகிறார்கள் என்றால் விஷயம் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். அப்படி எடுத்த பைல் யாரோ ஒருவரின் டவுன்லோட்ஸ் போல்டரில் கிடந்து, அந்த லேப்டாப்பை பார்மட் செய்தால் போச்சு. சாவி எங்குமே இல்லாவிட்டால், பூட்டிய மெஷின்களின் பைல்களை முழுதாக வைத்திருந்தும் பயனில்லை.

விசென்டர் தன்னையே வேறு ஒரு கம்ப்யூட்டருக்கு பேக் அப் எடுக்கும் வசதி 6.5 பதிப்பில் வந்தது. குறித்த நேரத்தில் தானாக எடுக்கும் வசதி 6.7-இல் வந்தது. திரும்பப் பெற, அதே பதிப்பின் விசென்டரைப் புதிதாகப் பதிந்து பேக் அப்பை அதற்குக் கொடுக்க வேண்டும். ஆகவே அந்தப் பதிப்பின் இன்ஸ்டால் பைலும் பத்திரமாக இருக்க வேண்டும். இன்னொரு சிக்கல்: விசென்டரும் பெரும்பாலும் தான் நிர்வகிக்கும் சர்வர்களிலேயே ஒரு விர்ச்சுவல் மெஷினாக ஓடுகிறது. பேக் அப்பையும் அதே சர்வர்களின் டிஸ்க்கில் வைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது போல.

நம் வீட்டு விர்ச்சுவல்பாக்ஸில் தனியாக நிர்வாக சர்வர் கிடையாது. ஆனால் சின்ன பைல் உண்டு. உங்கள் பெயரில் உள்ள போல்டரில் "விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்ஸ்" என்ற போல்டரைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு போல்டர். அதில் விடிஐ என்று முடியும் பைல் பல ஜிபி இருக்கும். அதுதான் ஹார்ட் டிஸ்க். விபாக்ஸ் என்று முடியும் பைலோ பழைய பிளாப்பியிலேயே அடங்கி விடும்! மெஷினின் செட்டிங்குகள் அதில் உள்ளன.

விடிஐ பைலை மட்டும் காப்பி செய்தால் போதாதா? என்க்ரிப்ட் செய்யாத, ஸ்னாப்ஷாட் எடுக்காத மெஷின் என்றால் சமாளிக்கலாம். புது மெஷின் உருவாக்கி அந்த டிஸ்க்கை இணைத்து, செட்டிங்குகளை மீண்டும் கொடுக்க வேண்டும். ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தால் அதற்குப் பின் செய்த வேலை வேறு பைலில் இருக்கும். டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்திருந்தாலோ, அதைத் திறக்கும் சாவி விபாக்ஸ் பைலுக்குள் இருக்கிறது. உங்கள் பாஸ்வேர்டு அந்தச் சாவியைத்தான் திறக்கும், டிஸ்க்கை அல்ல. அந்தச் சின்ன பைல் தொலைந்தால், பாஸ்வேர்டு நன்றாக நினைவிருந்தும் உள்ளே நுழைய முடியாது.

ஸ்னாப்ஷாட் எடுத்தேன், அதுவே பேக் அப் என்று இருந்து விடாதீர்கள். அதுவும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. மெஷினை முழுதாக ஷட் டவுன் செய்து, அதன் போல்டர் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். செட்டிங்குகளில் எதையாவது மாற்றினால் சின்ன பைலையும் உடனே மறுபடி காப்பி செய்யுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் பதிப்பு எண்ணையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கம்ப்யூட்டர் படுத்து விட்டாலும் தாளைப் படிக்க முடியும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறவினரின் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸைப் பதிந்து, காப்பி செய்த போல்டரை அதில் போட்டு, மெஷின் மெனுவில் "ஆட்" கொடுத்து அந்த விபாக்ஸ் பைலைத் திறந்து பாருங்கள். உங்கள் எக்ஸ்பி அங்கே எழுந்து வருகிறதா?