ஓட்டமும் பளுவும் ஒரே மணி நேரத்தில்

ஜீடிமெட்லாவில் நான் செல்லும் உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு விதி வேதவாக்காக நிலவுகிறது: பளு தூக்கும் நாளில் ஓடக்கூடாது, ஓடினால் தசை கரைந்துவிடும். நாளுக்கு ஒரு மணி நேரம் கிடைப்பதே அரிதான ஆய்வு மாணவர்கள் இதை நம்பி, இரண்டில் ஒன்றை அடியோடு கைவிடுகிறார்கள்.

அச்சத்துக்கு மூலம் உண்டு. 1980-இல் ராபர்ட் ஹிக்சன் வெளியிட்ட 10 வார ஆய்வில், இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களின் கால் வலிமை முதலில் ஏறி, இறுதி வாரங்களில் சரிந்தது. ஆனால் அவர்கள் வாரத்தில் 5 நாள் பளுப் பயிற்சியும் 6 நாள் கடுமையான ஓட்டமும் மிதிவண்டியுமாக உழைத்தவர்கள். மேற்கோள் கைமாறும்போது சூழல் உதிர்ந்துபோவது மொழியியல் படித்தவர்களுக்குப் புதிதன்று. 2022-இல் ஷூமனும் பிறரும் வெளியிட்ட தொகுப்பாய்வோ, இரண்டையும் இணைப்பதால் தசைப் பருமனும் உச்ச வலிமையும் குன்றுவதில்லை என்கிறது. வெடித்தெழும் விசை மட்டும், குறிப்பாக ஒரே அமர்வில் செய்யும்போது, சற்றுக் குறைகிறது. உயரம் தாண்டும் வீரர் அதற்குக் கவலைப்படலாம். நாள் முழுவதும் நாற்காலியில் கழிக்கும் நாம் எதற்கு?

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு இரண்டையுமே பரிந்துரைக்கிறது. தண்டாலும் பஸ்கியும் எடுத்த நம் தாத்தாக்களும் மூச்சு வேறு, தசை வேறு என்று கிழமை பிரித்ததாகத் தெரியவில்லை.

என் வரிசை: முதலில் பளு, பிறகு 20 நிமிட ஓட்டம். களைத்த கால்களோடு ஸ்குவாட் செய்ய நான் விரும்புவதில்லை. அப்பாவுக்கு 40 வயதில் சர்க்கரை நோய் வந்தது. எனக்கு 28 ஆகிறது.