டங்கனின் கெமராவும் நமது தேயிலைத் தோட்டமும்

எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் தமிழறியாமலே தமிழ்ப்படம் எடுத்தார் என்பதை ஓர் அற்புதம்போலச் சொல்லி மகிழ்வோர் நம்மிடையே உளர். ஆசிரிய நண்பர்களும் இதற்கு விலக்கல்லர். இதில் அற்புதம் என்ன இருக்கிறது?

ஒஹாயோ மாநிலத்தில் 1909இல் பிறந்து, கலிபோர்னியாவில் சினிமாக்கலை பயின்று, 1935இல் இந்தியா வந்த டங்கன் தொழில் தெரிந்தவர், மறுப்பாரில்லை. நாடகமேடையை அப்படியே படம்பிடித்துவந்த காலத்தில் கெமராவை நகர்த்திக் காட்டியவர். ‘சகுந்தலை’யும் (1940) ‘மீரா’வும் (1945) அதற்குச் சான்று. வசனத்தின் பொருளை உதவியாளர்கள் அவருக்குச் சொன்னார்கள். ஆயின் எந்தக் கதை, யாருக்காக என்பதைத் தீர்மானித்தவர்கள் பணம் போட்ட முதலாளிகளே. அந்தக் கேள்வியை எழுப்பாமல், இயக்குநரின் மொழியறியாமையை மட்டும் வியப்பது வெறும் வேடிக்கை.

அவர் இயக்கிய முதற்படம் ‘சதி லீலாவதி’ (1936). எம்.ஜி.ஆர். அறிமுகமான படம் என்றே அதனை நினைவுகூர்கின்றனர். இலங்கை வாசகர் கவனிக்கவேண்டியது வேறொன்று. எஸ்.எஸ். வாசனின் கதை அது. அதுவும் ஓர் ஆங்கில நாவலைத் தழுவியது. குடியால் கெட்ட சென்னைச் செல்வன் ஒருவன், கொலைசெய்துவிட்டதாக அஞ்சி இலங்கைக்கு ஓடிவந்து தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். தோட்டத் தொழிலாளரின் இன்னலைப் படம் தொட்டதென்னவோ உண்மை. தொட்டதும் கையை இழுத்துக்கொண்டது! கதாநாயகனுக்குப் புதையல் கிடைக்கிறது. தோட்ட முதலாளி அவனை மகனாக்கிக்கொள்கிறார். அவனோடு வேலைசெய்த கூலிகளின் கதி என்ன? படம் அதனைக் கேட்கவில்லை. பன்னிரண்டே ஆண்டுகளில், 1948இல், பிரசாவுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவராக்கிற்று.

அந்நியர் என்பதற்காக டங்கனைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. தர்மசேன பத்திராஜவும் தமிழரல்லர். அச்சிங்களக் கலைஞர் 1977இல் ‘பொன்மணி’யில் யாழ்ப்பாணத்துச் சாதித் திமிரையும் சீதனக் கொடுமையையும் நேர்நின்று காட்டினார். புதையல் எதுவும் அப்படத்தில் யாரையும் காப்பாற்ற வரவில்லை. நம்மவர் அதற்குத் தந்த வரவேற்பு என்ன? தமிழகப் படங்களுக்கு முண்டியடித்த கூட்டம் இதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

டங்கன் 1950இல், ‘மந்திரிகுமாரி’ முற்றுப்பெறுமுன்னரே தாய்நாடு திரும்பிவிட்டார். அவர் புகழ் பாடும் ஆசிரியர்கள், மட்டக்களப்பில் தம் மாணவர்க்குப் ‘பொன்மணி’யை ஒருமுறையேனும் திரையிட்டுக் காட்டட்டும், அது முடிந்தபின் அற்புதத்தைப் பற்றிப் பேசுவோம்.