நினிவேக்குச் சொன்ன தீர்ப்பு



தவக்காலம் தொடங்கிவிட்டது. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் போன வருடக் குருத்தோலையைச் சுட்ட சாம்பலை நெற்றியில் பூசியாயிற்று. இனிக் கச்சதீவு அந்தோனியாரிடம் போக வள்ளங்கள் ஆயத்தமாகும். முதல் வாரப் புதன் திருப்பலியில் யோனா நூலின் 3ஆம் அதிகாரம் வாசிப்பார்கள். நாற்பது நாளில் நினிவே நகர் அழியும் என்று இறைவாக்கினர் யோனா அறிவிக்கிறார். அரசன் சாம்பலில் உட்காருகிறான். ஆடுமாடுகளுக்குக்கூடச் சாக்குத்துணி போர்த்தி, தீனி தண்ணீர் காட்டாமல் நோன்பிருக்க வைக்கிறார்கள். அழிவு விலகுகிறது.

அப்படியானால் யோனா சொன்ன வாக்கு பொய்த்துவிட்டதா? நினிவே கவிழ்ந்ததுதான், மதில் நிற்க அதன் பாவம் கவிழ்ந்தது என்று புனித அகுஸ்தீனார் ‘கடவுளின் நகரம்’ நூலில் விளக்கினார். மனம் மாறாவிட்டால் என்ற நிபந்தனை, சொல்லாமலே அந்த எச்சரிக்கைக்குள் இருந்தது என்றார் 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கல்வின். எரேமியா 18ஆம் அதிகாரமும் அதையே பேசுகிறது. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களோ நினிவேயின் மனமாற்றத்தை ஒரு நோன்பாகவே வைத்துக்கொண்டார்கள். குறவிலங்காட்டு மரியன்னை ஆலயத்தில் அந்த மூன்று நாள் நோன்பில் மரக்கப்பலைத் தோளில் சுமந்து, புயலில் அகப்பட்டதுபோல ஆட்டி ஆட்டிக் கொண்டுவருவார்கள். யோனாவின் கப்பல் அது.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் உண்டு. எங்கள் தீவுகளில் ஒரு கேடு நடந்தால், “கடவுள் தந்த தண்டனை” என்று சொல்லிவிட ஆட்கள் இருக்கிறார்கள். 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் குழந்தைகளையும் சேர்த்துப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். 2006 ஆகஸ்ட் 13இல் அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சனத்தின்மேல் எறிகணை விழுந்தது. ஒரு கிழமைக்குள் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமலாக்கப்பட்டார். இந்தச் சனம் என்ன பாவம் செய்தது? சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதில் சொல்லியிருக்கிறார். லூக்கா 13ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள்.

யோனாவின் எச்சரிக்கை மீன்பிடிக் கிராமத்துக்குப் போனதல்ல. அசீரியப் பேரரசின் பெருநகருக்குப் போனது. கைகளிலுள்ள கொடுமையை விட்டுவிடுங்கள் என்று அந்த அரசனே ஆணையிடுகிறான். தீர்ப்பு வாக்கு பலமுள்ளவனைத் திருத்த வந்தது. செத்தவர்களின் வீட்டு வாசலில் நின்று சொல்ல வந்ததல்ல. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு வருவதுதான் எங்களுக்குப் பாரமானது. கொடுமை செய்த நகரம் மன்னிக்கப்பட்டதும் யோனாவுக்குக் கோபம் வருகிறது, செத்துவிடலாம் என்கிறார். குமுதினியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்தக் கோபம் விளங்கும். அவளிடம் போய் மன்னித்துவிடு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. நினிவே முதலில் சாம்பலில் உட்கார்ந்தது என்பதை மட்டும் நினைவூட்டுவேன். செய்ததை ஒப்புக்கொள்ளாதவர்களுக்காக எங்களிடம் மன்னிப்புக் கேட்டு வருகிறவர்களும் இதை நினைக்க வேண்டும்.

யோனா நூல் மொத்தம் 48 வசனங்கள். ஒரே மாலையில் வாசித்துவிடலாம். கடவுள் கேட்கும் கேள்வியோடு அது முடிகிறது, யோனாவின் பதில் அங்கே இல்லை. இந்தத் தவக்காலத்தில் வீட்டிலுள்ளவர்களோடு சேர்ந்து வாசியுங்கள். நீங்களானால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். இழவு வீட்டில் யாராவது தண்டனைக் கதை தொடங்கினால், தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்