எனக்குக் கணக்கு வராது என்னும் பெருமை

சில மாதங்களுக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டத்துக்கு என் மகளையும் அழைத்துச் சென்றிருந்தேன். அவளுக்கு ஐந்து வயது. மேடையில் பேசிய எழுத்தாளர் ஒருவர் தன் பள்ளி நாட்களை நினைவுகூர்ந்தபோது, "எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம், அதனால்தான் எழுத வந்தேன்" என்றார். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். கணக்கை இகழ்வதற்கும் நமக்கு ஓர் எண் தேவைப்படுகிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, தட்டில் இருந்த முறுக்குகளைத் தனக்கும் பாட்டிக்கும் சமமாகப் பிரிக்கச் சொன்னபோது அவள் கையை விரித்து, "எனக்குக் கணக்கு வராதுப்பா" என்றாள். குரலில் துளியும் வருத்தமில்லை. மேடையில் கேட்ட அதே பெருமிதம்தான் இருந்தது. அவள் வேறு எங்கிருந்தோகூட அதைக் கற்றிருக்கலாம். ஆனால் அன்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதால், இந்தக் கட்டுரையின் குற்றப்பத்திரிகையில் முதல் பெயர் என்னுடையது.

"எனக்குப் படிக்க வராது" என்று எந்த மேடையிலும் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. "எனக்குக் கணக்கு வராது" என்பதோ நம்மிடையே ஒரு கலைஞனுக்குரிய அடையாளமாகவே ஆகிவிட்டது. கற்பனை ஒரு பக்கம், எண் மறுபக்கம் என்று கோடு கிழித்துக்கொண்டு இந்தப் பக்கம் நின்றுகொண்டோம். நாம் கைவிட்ட மறுபக்கத்தில் சந்தை புகுந்தது. குழந்தைக்கு அதன் முதல் எண் எந்தப் புத்தகத்தில், எந்தப் படத்தோடு வந்து சேர வேண்டும் என்பதை இன்று முடிவு செய்வது எழுத்தாளர்களோ ஓவியர்களோ அல்ல. பளபளப்புத் தாளில் ஒரு ஆப்பிள், இரண்டு பந்து, மூன்று பூனை என்று அச்சிட்டுத் தள்ளுபவர்கள்தான்.

அந்தப் புத்தகங்களை ஒருமுறை இலக்கிய வாசகராகப் புரட்டிப் பாருங்கள். மூன்று பூனைகள் ஏன் வந்தன? முந்தைய பக்கத்தில் இரண்டு பந்துகள் இருந்தன என்பதைத் தவிர வேறு காரணமில்லை. எட்டாம் பக்கத்தில் எட்டுக் குடைகளுக்குப் பதில் எட்டுக் குதிரைகள் நின்றாலும் எதுவும் மாறாது. நிகழ்ச்சி இல்லை, இழப்பு இல்லை, அடுத்த பக்கத்தைத் திருப்ப வேண்டிய தவிப்பு இல்லை. இதன் அட்டையில்தான் 'வேடிக்கைக் கணிதம்' என்று எழுதியிருக்கிறது. அந்தச் சொற்சேர்க்கையிலேயே ஒரு தோல்வி ஒளிந்திருக்கிறது. கணிதம் இயல்பிலேயே கசப்பு மருந்து, வண்ணத் தேனைத் தடவித்தான் புகட்ட வேண்டும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டவர்கள் பேசும் பேச்சு அது. குழந்தை தேனை நக்கிவிட்டு மருந்தைத் துப்பிவிடும். அது புத்திசாலித்தனம்தான்.

என் அளவுகோல் எளிது. கதையிலிருந்து எண்ணை எடுத்துவிட்டால் கதை சரிய வேண்டும். சரியாவிட்டால் அங்கே எண் ஒட்டுப் பூச்சு மட்டுமே.

பாட் ஹட்சின்ஸ் 1986இல் வெளியிட்ட 'தி டோர்பெல் ராங்' என்ற படப்புத்தகம் இந்தச் சோதனையில் தேறுகிறது. அம்மா பன்னிரண்டு பிஸ்கட்டுகள் சுட்டு வைக்கிறாள். இரண்டு குழந்தைகள், ஆளுக்கு ஆறு. அழைப்பு மணி ஒலிக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் வர, ஆளுக்கு மூன்று. மறுபடி மணி, மேலும் இருவர், ஆளுக்கு இரண்டு. மறுபடி மணி, இம்முறை ஆறு பேர். இப்போது ஆளுக்கு ஒன்றுதான். அந்த நிலையில் மணி இன்னொரு முறை ஒலிக்கிறது. கதவைத் திறக்கும் முன் சாப்பிட்டுவிடுங்களேன் என்கிறாள் அம்மா. பையன் காத்திருப்போம் என்கிறான். வந்தவர் பாட்டி, கையில் பெரிய தட்டு நிறைய பிஸ்கட்டுகளோடு.

இந்தக் கதை வகுத்தல் என்ற சொல்லை எங்கும் உச்சரிப்பதில்லை. ஆனால் வகுத்தல் இல்லாமல் இந்தக் கதையே இல்லை. வருபவர் பெருகப் பெருகப் பங்கு சுருங்குகிறது என்ற உண்மையை ஒரு குழந்தை தன் வயிற்றில் உணர்கிறது. கூடவே, பகிர்வதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலையை எண்ணிச் சொல்ல முடியும், தெரிந்தே அதைக் கொடுக்கவும் முடியும் என்பதையும். இதை அறம் என்று அழைக்காமல் வேறு எப்படி அழைப்பது?

எலினார் பின்செஸ் எழுதி 1995இல் வந்த 'எ ரிமைண்டர் ஆஃப் ஒன்' இன்னும் கூர்மையானது. இருபத்தைந்து பூச்சிகளின் படை. அணிவகுப்பு சீராக இருக்க வேண்டும் என்பது ராணியின் விருப்பம். இரண்டு வரிசையாக நின்றால் ஒருவன் மிஞ்சுகிறான். மூன்று வரிசையிலும், நான்கு வரிசையிலும் அப்படியே. மிஞ்சுபவன் ஒவ்வொரு முறையும் ஜோ என்னும் அதே சிப்பாய். ஐந்து வரிசையாக நிற்கும்போதுதான் அவனுக்கும் ஓர் இடம் கிடைக்கிறது. 'மீதி' என்பதை நம் பள்ளிகளில் கணக்கின் அடியில் எழுதும் ஓர் எண்ணாகத்தான் படித்தோம். மீதி என்பவன் வெளியே நிறுத்தப்பட்டவன் என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த எண்ணை நான் இத்தனை அலட்சியமாக எழுதியிருக்க மாட்டேன்.

ஜப்பானின் மிட்சுமாசா அன்னோ இளமையில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1984இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்ற ஓவியர். 1975இல் வெளிவந்த அவருடைய எண்ணும் புத்தகத்தில் கதைச் சொற்களே கிடையாது. அது ஒன்றில் தொடங்குவதும் இல்லை. முதல் காட்சி பனி மூடிய வெற்று நிலம், அதாவது பூஜ்யம். பிறகு ஒரு வீடு, ஒரு மரம். பக்கம் திரும்பத் திரும்ப வீடுகள், மரங்கள், மனிதர்கள், பறவைகள் எல்லாம் அந்தப் பக்கத்தின் எண்ணுக்கேற்பப் பெருகுகின்றன. மாதங்களும் நகர்ந்து பன்னிரண்டில் ஆண்டு முடிகிறது. ஏழாம் பக்கத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பொருட்கள் பலவும் ஏழாக இருப்பதைத் தானாகக் கண்டுகொள்ளும் குழந்தை, ஏழு என்பது பந்தும் அல்ல, பறவையும் அல்ல, அவை அனைத்துக்கும் பொதுவான ஏதோ ஒன்று என்ற அருவமான இடத்துக்கு வந்து சேர்கிறது.

இந்த இடத்தை ஒப்பித்தல் மறைத்துவிடுகிறது. நூறு வரை மூச்சுவிடாமல் சொல்லும் குழந்தையின் முன் ஐந்து புளியங்கொட்டைகளை வையுங்கள். ஒன்று, இரண்டு என்று தொட்டு எண்ணி ஐந்தில் முடிக்கும். "அப்போ எத்தனை?" என்று கேளுங்கள். சில குழந்தைகள் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தத்தின் பெயர் என்பது அவர்களுக்கு இன்னும் புலப்படவில்லை. ரோச்செல் கெல்மனும் காலிஸ்டலும் 1978இல் எழுதிய நூல் இத்தகைய நுட்பங்களைப் பிரித்துக் காட்டியது. நாமோ இன்றும் விருந்தினர் முன் குழந்தையை நிறுத்தி நூறு வரை சொல்லவைத்து மகிழ்கிறோம்.

இங்கே ஓர் எதிர்க்குரல் எழும். கதையைப் பாடத்துக்கு வாகனமாக்குவது கதையைக் கொல்வதல்லவா? நியாயமான அச்சம்தான். நீதிக்கதை என்ற பெயரில் நம் குழந்தைகளுக்கு எத்தனை கொடுமைகள் நடந்திருக்கின்றன என்பதை அறிந்தவன் என்ற முறையில் அதை மதிக்கிறேன். ஆனால் நான் சொன்ன புத்தகங்கள் எதையும் போதிப்பவை அல்ல. அவற்றில் எண் என்பது கதாபாத்திரத்தைப் போலச் செயல்படும் ஒரு சக்தி. நெதர்லாந்தில் மழலையர் வகுப்புகளில் மூன்று மாதம் படப்புத்தகங்களை வாசித்துக்காட்டி நடத்தி, 2016இல் வெளியான ஓர் ஆய்வு, அக்குழந்தைகளின் கணிதத் திறன் மேம்பட்டதைக் கண்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அதில் ஆசிரியர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை. புத்தகத்தின் ஒவ்வொரு அம்சத்தையும் வகுப்பாக மாற்றாதீர்கள், சற்று ஒதுங்கியே இருங்கள் என்பது. அதாவது, கதையைக் கதையாக விடுங்கள்.

சரி, இதெல்லாம் பள்ளிக்கூடத்தார் கவலை, இலக்கியவாதிக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு இன்னொன்று. 2007இல் கிரெக் டங்கனும் சகாக்களும் ஆறு நீண்டகால ஆய்வுகளின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பள்ளியில் நுழையும்போது குழந்தைக்கு இருக்கும் எண்ணறிவு பிற்காலக் கணிதத்தை மட்டுமல்ல, பிற்கால வாசிப்புத் திறனையும் ஏறக்குறைய ஆரம்பகால வாசிப்புத் திறனுக்கு இணையாகவே முன்னறிவித்தது. ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று இது நிரூபிப்பதில்லை. ஆனால் கற்பனை இந்தப் பக்கம், எண் அந்தப் பக்கம் என்று நாம் கிழித்த கோட்டை இது கேலி செய்கிறது.

நம் மரபிலும் அந்தக் கோடு இருந்ததில்லை. எழுத்தோடு எண்ணையும் கண்ணாகவே வைத்தவர்கள் நம் முன்னோர். காரிநாயனாரின் கணக்கதிகாரம் செய்யுளில் எழுதப்பட்டது. பலாப்பழத்தை அறுக்காமலே அதன் சுளைகளைக் கணிக்க வழி சொல்கிறது. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு என்பதைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாக அறிந்திருந்தார்கள். அதற்காக அக்காலத்தைப் பொற்காலமாக்கும் எண்ணம் எனக்கில்லை. அந்த மனப்பாடத்தின் பின்னால் பிரம்பும் இருந்தது, அந்தத் திண்ணையில் எல்லோருக்கும் இடமும் இருக்கவில்லை. நான் சொல்வது ஒன்றுதான். செய்யுளும் கணக்கும் ஒரே ஓலையில் இருந்தன. பிரித்தவர்கள் நாம்.

நம் மொழியே எண்ணும் குழந்தைக்கு ஒரு வரம். பதினொன்று என்ற சொல்லிலேயே பத்தும் ஒன்றும் தெரிகின்றன. ஆங்கிலத்தின் லெவனும் ட்வெல்வும் இன்றைய குழந்தையின் காதுக்கு எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. தமிழில் ஒன்பது பத்தை நோக்கி நிற்கிறது, தொண்ணூறு நூறை நோக்கி, தொள்ளாயிரம் ஆயிரத்தை நோக்கி. ஒவ்வொரு படியிலும் கடைசி ஆள் அடுத்த வீட்டுப் பெயரை வைத்துக்கொண்டு நிற்கும் இந்த விசித்திரத்தைவிட நல்ல கதைக்கரு வேண்டுமா? நாய்கள் மூன்று, மனிதர்கள் மூவர் என்று உயர்திணைக்குத் தனி எண்ணுப்பெயர் வைத்திருக்கிறோம். பொம்மை இரண்டா, இருவரா என்று ஒரு குழந்தை தயங்கும் இடத்தில் எத்தனை கவிதை இருக்கிறது! இவற்றை மொழிபெயர்ப்பில் பெற முடியாது. தமிழில் எழுதுபவர்தான் எழுத வேண்டும்.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. தாரா, தூலிகா ஆகிய சென்னைப் பதிப்பகங்கள் முப்பதாண்டுகளாகப் படப்புத்தகங்களைக் கலையாகவே நடத்தி வருகின்றன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் திறந்த உரிமத்தில் நூல்கள் கிடைக்கின்றன. முத்தஜ்ஜியின் வயதை வரலாற்று நிகழ்வுகளைத் துப்பாகக் கொண்டு இரட்டைக் குழந்தைகள் கண்டுபிடிக்கும் ரூபா பையின் கதையும் அங்கே உண்டு. இவற்றில் எத்தனை நூல்களுக்கு நம் சிற்றிதழ்களில் மதிப்புரை வாசித்திருக்கிறீர்கள்? நான் வாசித்தவற்றை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். நாவலின் வடிவச் சிக்கல் பற்றி நாற்பது பக்கம் எழுதும் நாம், முப்பத்திரண்டு பக்கத்தில் வகுத்தலையும் அறத்தையும் ஒருசேர நிகழ்த்தும் ஒரு வடிவத்தைப் 'பிள்ளை விளையாட்டு' என்று தாண்டிப் போகிறோம்.

நார்வே எழுத்தாளர் ஆல்ஃப் பிரெய்சனின் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. பத்து வரை எண்ணக் கற்றுக்கொண்ட ஆட்டுக்குட்டி, எதிர்ப்படும் மிருகங்களையெல்லாம் எண்ணுகிறது. எண்ணப்படுவதென்றால் என்னவென்று அறியாத கன்றுக்குட்டி பதறுகிறது. ஒவ்வொரு மிருகமும் அவமானப்பட்டு ஆட்டுக்குட்டியைத் துரத்துகிறது. துரத்தல் ஒரு படகில் வந்து முடிகிறது. படகு பத்துப் பேரைத்தான் தாங்கும். எண்ணத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று தலைவன் அலறும்போது அந்த ஆட்டுக்குட்டியைத் தவிர வேறு யாரும் இல்லை. நம் இலக்கியக் கூட்டங்களில் கணக்கு என்ற சொல் எழும்போதெல்லாம் எனக்கு அந்தக் கன்றுக்குட்டியின் முகம் தெரிகிறது.

ஹட்சின்ஸின் புத்தகத்தை மகளுக்குத் தமிழில் சொல்லி வாசித்துக் காட்டினேன். கடைசி மணி ஒலித்த பக்கத்தில் நிறுத்தினேன். அவள் பக்கத்தின் மீது கையை வைத்து அழுத்திக்கொண்டு, "திறக்க வேண்டாம்ப்பா" என்றாள். ஏன் என்றேன். "இன்னும் அத்தனை பேர் வந்தா, எல்லாத்தையும் பாதி பாதியா உடைக்கணும்." அரை என்ற எண்ணை யாரும் அவளுக்குச் சொல்லித்தந்திருக்கவில்லை. முறுக்கை இரண்டாகப் பிரிக்க மறுத்த அதே குழந்தைதான்.

எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்குக் கணக்கு வராமல் போயிருக்கலாம். அது உங்கள் ஆசிரியர்களின் தோல்வியாகவும் இருக்கலாம். அதை மேடையில் பதக்கமாகக் குத்திக்கொள்ளாதீர்கள். முன்வரிசையில் யாராவது ஐந்து வயதில் உட்கார்ந்திருக்கக்கூடும்.