மாலை ஆறு முதல் காலை ஆறு வரை: விடுதிப் பிள்ளைகளுக்கான திருநகர்க் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, கள்ளர் சீரமைப்புத் துறை, பள்ளிக் கல்வித்துறை, மதுரை மாவட்ட ஆட்சியர், மதுரை மாவட்டத்தில் விடுதியோடு பள்ளி நடத்தும் எல்லா நிர்வாகங்களும்.

திருநகரிலும் அதை ஒட்டிய ஹார்விபட்டி, விளாச்சேரி, தனக்கன்குளம், பசுமலைப் பகுதிகளிலும் வாழும் நாங்கள் இதை எழுதுகிறோம். எங்களில் பிள்ளையை விடுதியில் விட்டிருக்கும் பெற்றோர் உண்டு. விடுதிச் சோறு தின்று வளர்ந்து இன்று அரசு அலுவலகத்திலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் இருப்பவர்கள் உண்டு. விடுதியில் சமைத்து ஓய்வுபெற்ற அம்மாக்களும், காப்பாளராக இருந்த ஆசிரியர்களும் உண்டு. கூடிப் பேசியதில் எல்லோரும் வந்து நின்ற இடம் ஒன்றுதான். பள்ளி நேரத்தில் பிள்ளை எங்கே என்று கேட்க வகுப்பாசிரியர் இருக்கிறார், வருகைப் பதிவேடு இருக்கிறது. பள்ளி விட்ட பிறகு, மாலை ஆறு முதல் காலை ஆறு வரை, விடுதிப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு, இவர்தான் என்று பெயர் சொல்லக்கூடிய ஒரு பெரியவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும். மற்ற கோரிக்கைகள் எல்லாம் இதிலிருந்து பிறந்தவை.

உசிலம்பட்டி, பேரையூர், டி.கல்லுப்பட்டி, செக்கானூரணிப் பக்கத்துக் கிராமங்களில் தாயும் தகப்பனும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ செங்கல் சூளைக்கோ கிளம்பும்போது, பிள்ளையின் படிப்பு நின்றுவிடக் கூடாதே என்றுதான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு விடுதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். தனியார் பள்ளி விடுதிக்கு அனுப்புகிறவர்களுக்குக் காரணம் மார்க். வீடும் வசதியும் வேறு வேறாக இருக்கலாம். சேர்ந்த முதல் வாரம் விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் அழுகிற பிள்ளைக்கு எல்லா விடுதியும் ஒன்றுதான்.

எங்கள் பகுதிக்கு விடுதி புதிதல்ல. அமெரிக்க மதுரை மிஷன் 1842இல் திருமங்கலத்தில் தொடங்கிய செமினரி 1845இல் பசுமலைக்கு வந்தது. அங்கே பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். சாதி பாராமல் ஒன்றாக உண்ண வேண்டும் என்று மிஷன் உறுதியாக நின்றபோது வெளியேறியவர்களும் உண்டு. அடுத்த நூற்றாண்டில், சமணர்மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மீது 1914இல் குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதன் பிறகுதான் கள்ளர் சீரமைப்பின் பெயரில் அரசு பள்ளிகளையும் விடுதிகளையும் திறந்தது. படிப்பு வந்தது, அது பெரிய கொடை. ஆனால் பிள்ளையைச் சந்தேகத்தோடு பார்க்கிற கண்ணும் கூடவே வந்தது. தலையை எண்ணிக் கதவைப் பூட்டினால் கடமை முடிந்தது என்ற பழக்கம் இன்றும் பல விடுதிகளில் நீடிப்பதற்கு அந்தத் தொடக்கமும் ஒரு காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

இதே மதுரையில் வேறொரு வழியும் இருந்தது. 1939 ஜூலை 8 அன்று மீனாட்சியம்மன் கோயில் ஆலயப் பிரவேசத்தை முன்னின்று நடத்திய வைத்தியநாத ஐயர், ஒடுக்கப்பட்ட வீட்டு மாணவர்களைத் தன் பிள்ளைகளாகவே பார்த்தவர். மேலூர் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் அவருடைய அரவணைப்பில் வளர்ந்தார். 1955இல் ஐயர் இறந்தபோது கக்கன் தலை மழித்து மகன் முறையில் நின்றார். அப்படி ஒரு உறவை அரசாணையால் உண்டாக்க முடியாது என்று எங்களுக்குத் தெரியும். அது உண்டாக இடம் கொடுக்கிற ஏற்பாட்டை அரசாணையால் செய்ய முடியும். அதைத்தான் கேட்கிறோம்.

2025 ஜூலையில் தமிழ்நாடு அரசு தன் மாணவர் விடுதிகள் அனைத்தையும் இனி சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கச் சொன்னது. 2,739 விடுதிகள், அவற்றில் 1,79,568 மாணவர்கள் என்று அப்போது கணக்குச் சொல்லப்பட்டது. சாதியின் பெயரைச் சுமந்த பலகை இறங்குவதை மனதார வரவேற்கிறோம். பலகைக்கு உள்ளே மாற வேண்டியவை கீழே.

இரவு

ஒவ்வொரு விடுதியிலும் காப்பாளர் வளாகத்துக்குள் குடியிருக்க வேண்டும். அதற்குக் குடும்பத்தோடு தங்கக்கூடிய வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு காப்பாளருக்கு இன்னொரு விடுதியின் கூடுதல் பொறுப்பை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்கக் கூடாது. இரண்டு விடுதிக்கு ஒரு காப்பாளர் என்றால் ஒரு விடுதி தினமும் இரவில் அநாதையாகக் கிடக்கிறது என்று பொருள். அந்த இரவுகளில் விடுதியை நடத்துவது பிளஸ் டூ படிக்கும் சீனியர்கள். அவர்களும் பிள்ளைகள்தான், ஐம்பது தம்பிமாரை அடக்கி ஆளும் வேலையை அவர்கள் தலையில் கட்டுவது அவர்களுக்கும் தீங்கு, தம்பிமாருக்கும் தீங்கு.

இருபத்தைந்து பிள்ளைக்கு ஒருவர் என்று பொறுப்பாளர்களை நியமிக்க வேண்டும். அவர் அந்த இருபத்தைந்து பேரின் வீட்டு நிலையையும் அறிந்திருக்க வேண்டும்: யாருக்கு அப்பா இல்லை, யார் வீட்டில் குடி, யாருக்கு இழுப்பு வரும், யார் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆறாம் வகுப்பில் சேர்ந்த பையன் ஒருவன் புது இடத்துப் பயத்தில் இரவில் படுக்கையை நனைத்துவிடுகிறான். விடியுமுன் எழுந்து, ஈர பெட்ஷீட்டைச் சுருட்டி ட்ரங்குப் பெட்டிக்குள் திணித்துப் பூட்டிவிடுகிறான். அது அங்கேயே நாறுகிறது. அறை முழுக்க வாடை வந்ததும் குட்டு வெளிப்படுகிறது, பட்டப்பெயர் விழுகிறது, பத்தாம் வகுப்பு முடியும்வரை அந்தப் பெயர் போவதில்லை. எங்களில் பலர் பார்த்தது இது. அந்த அறைக்கு ஒரு ரப்பர் ஷீட், இரண்டு மாற்றுப் போர்வை, விடியற்காலையில் சத்தமில்லாமல் வந்து மாற்றிவிட்டுப் போகிற ஒரு பெரியவர் இருந்தால் போதும், அந்தப் பிள்ளையின் ஐந்து வருடம் தப்பிவிடும். நாங்கள் கேட்கும் கவனிப்பு இந்த அளவில்தான் இருக்கிறது.

பெண்கள் விடுதியில் இரவுப் பணியில் கட்டாயம் பெண் ஊழியர் இருக்க வேண்டும், விழித்திருக்க வேண்டும்.

பந்தி

சேரன்மாதேவி குருகுலத்தைத் தமிழ்நாடு மறக்கக் கூடாது. வ.வே.சு. ஐயர் நல்ல நோக்கத்தோடு, காங்கிரஸ் கட்சியின் நிதியும் பெற்று நடத்திய அந்த உறைவிடப் பள்ளியில், பிராமணப் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் தனியே சாப்பாடு போடப்பட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கேள்வி 1925இல் நாட்டையே உலுக்கியது. பிள்ளைகள் வாழும் இடத்தில் சமத்துவம் முதலில் பந்தியில் தெரிய வேண்டும் என்பதை அன்றே தமிழகம் பேசி முடித்துவிட்டது. நூறு வருடம் கழித்து நாங்கள் அதைத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவன் ஒருவன் சாதியின் பெயரால் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பிள்ளைகளின் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது என்பதும் பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்பதும் அதன் பரிந்துரைகளில் உண்டு. அந்த அறிக்கையை விடுதிகளுக்கும் பொருத்தி நடைமுறைப்படுத்த வேண்டும். அறை ஒதுக்கீட்டைக் குலுக்கல் முறையில் செய்யுங்கள். ஊர்க்காரன், சொந்தக்காரன் என்று பிள்ளைகள் தாங்களாகவே சாதிவாரியாக அறை பிரித்துக்கொள்வதைக் கண்டும் காணாமல் விடாதீர்கள். சமைப்பவர் யார், பரிமாறுபவர் யார் என்று கேட்டு ஒரு பிள்ளையோ பெற்றோரோ தட்டைத் தள்ளினால், காப்பாளர் உட்கார்ந்து பேச வேண்டும், அதே பந்தியில் தானும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

இனி சோற்றின் அளவு. அரசு விடுதியில் பள்ளி மாணவர் ஒருவருக்கு மாத உணவுப்படி 2023இல் ரூ.1,000த்திலிருந்து ரூ.1,400 ஆனது. உயர்வுக்கு நன்றி. ஆனாலும் முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு ரூ.47கூட வரவில்லை, ஒரு வேளைக்குப் பதினாறு ரூபாய்க்கும் கீழே. அரிசி தனியே வந்தாலும், பருப்பும் எண்ணெயும் முட்டையும் காய்கறியும் விற்கிற விலையில் வளரும் பிள்ளைக்கு இது எப்படிப் போதும்? உணவுப்படியை ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும், அறிவிப்புக்குக் காத்திருக்க வைக்கக் கூடாது. வாரப் பட்டியலை மெஸ் சுவரில் ஒட்ட வேண்டும். மாணவர் உணவுக் குழு மளிகை இறங்கும்போது நிறுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

உடம்பு

சிரங்கு விடுதியின் தீராத நோயாக இருப்பதற்கு மருத்துவத்தில் எந்தக் காரணமும் இல்லை. ஒரு பையனுக்கு மட்டும் மருந்து போட்டால் அது போகாது. ஒரே இரவில் அறையில் உள்ள அத்தனை பேரும் கழுத்திலிருந்து கால்வரை மருந்து பூச வேண்டும், துணியும் போர்வையும் சுடுநீரில் அலசப்பட வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். இதற்கு மருந்தைவிட முக்கியம் முன்னின்று நடத்தும் ஆள். ஆள் இல்லாததால்தான் பிள்ளைகள் விரலிடுக்கைச் சொறிந்துகொண்டே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் விடுதிக்கே வர வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு நாப்கினும், அதை அப்புறப்படுத்த மூடியுள்ள வாளியும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் கேட்காமலே கிடைக்க வேண்டும்.

தனியார் பள்ளி விடுதிகளுக்கு ஒன்று: காலை நாலரைக்கு எழுப்பி இரவு பதினொன்று வரை ஸ்டடி வைப்பதை நிறுத்துங்கள். எட்டு மணி நேரத் தூக்கமும் ஒரு மணி நேர விளையாட்டும் பிள்ளையின் உரிமை. பொதுத்தேர்வு வருடத்துக்கும் இது பொருந்தும்.

பேச்சும் புகாரும்

வாரம் இரண்டு முறை பிள்ளை வீட்டோடு போனில் பேச வேண்டும். ஸ்பீக்கரில் போட்டுக் காப்பாளர் பக்கத்தில் நிற்கக் கூடாது. தினக்கூலிக்குப் போகும் தாயால் மாதத்தின் குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமையில் வர முடியாது. அவர் வருகிற நாளே பார்வை நாள். ஊர்த் திருவிழாவுக்கும் வீட்டுச் சாவுக்கும் கெஞ்ச வைக்காமல் லீவு கொடுங்கள்.

புகார்ப் பெட்டியின் சாவி விடுதியில் இருக்கக் கூடாது. 1098, 14417 உதவி எண்களைச் சுவரில் எழுதினால் மட்டும் போதாது, அந்த எண்ணுக்குப் பேச ஒரு போன் பிள்ளைகள் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே உள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பள்ளியின் பேர் கெட்டுவிடும் என்று பெற்றோரைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசுவதும் மறைப்பதுதான். அப்படிப் பேசும் நிர்வாகங்கள் மீது வழக்குத் தொடர வேண்டும். அடிக்கிற பழக்கத்தைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே தடை செய்துவிட்டது. முட்டி போட வைப்பது, சாப்பாட்டை நிறுத்துவது, மொட்டையடிப்பது எல்லாம் அந்தத் தடையில் அடங்கும்.

கட்டடமும் உரிமமும்

2014 ஜூனில் பொள்ளாச்சி விடுதி ஒன்றில் இரண்டு சிறுமிகளுக்கு நடந்த கொடுமை தமிழகத்தை உலுக்கியது. அதே ஆண்டு பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு இயற்றியது. அதன்படி விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரிடம் பதிவும் உரிமமும் வேண்டும். ஆனால் 2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி கனியாமூரில் விடுதியில் தங்கிப் படித்த மாணவி இறந்த பிறகுதான் அந்த விடுதிக்குப் பதிவு இல்லை என்று வெளியே தெரிந்தது. 2024 செப்டம்பரில் நம் மதுரைக் கட்ராபாளையத்திலேயே மகளிர் விடுதியில் பிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்ததில் பெண்கள் உயிரிழந்தார்கள். கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்து இருபது வருடம் ஆகியிருந்த நேரம் அது. உயிர் போன பிறகு சோதனைக்கு வருகிற அதிகாரிகள் அதற்கு முன்னால் வர வேண்டும். மதுரை மாவட்டத்தில் உரிமம் பெற்ற விடுதிகள் எவை, பெறாதவை எவை என்ற பட்டியலை ஆட்சியர் ஒவ்வொரு மே மாதமும், சேர்க்கைக்கு முன்பே, வெளியிட வேண்டும்.

பார்த்துக்கொள்பவர்கள்

காப்பாளர்களைக் குறை சொல்வதற்காக நாங்கள் கூடவில்லை. பதிவேடு எழுதி, பில் தயாரித்து, தாலுகா அலுவலகத்துக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் அலைந்து வந்தவரிடம் பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தெம்பு மிஞ்சுவதில்லை. கணக்கு வேலைக்குத் தனி ஆள் கொடுங்கள். சமையலர், தூய்மைப் பணியாளர், இரவுக் காவலர் இடங்களைக் காலமுறை ஊதியத்தில் நிரப்புங்கள். பிள்ளைகள் முதலில் மனம் திறப்பது பெரும்பாலும் சமையல்கார அம்மாவிடம்தான். அழுகிற பிள்ளையிடம் எப்படிப் பேசுவது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை எப்படி அடையாளம் காண்பது, எந்த விஷயத்தை யாரிடம் சொல்வது என்று காப்பாளருக்குக் கொடுக்கும் பயிற்சியை அவருக்கும் கொடுங்கள்.

வரும் ஜூனில் பள்ளி திறப்பதற்குள் இவற்றில் எதை எப்போது செய்வீர்கள் என்று எழுத்தில் பதில் வேண்டும். அந்தப் பதிலை எங்களுக்கு அனுப்புவதோடு, எளிய தமிழில் ஒவ்வொரு விடுதியின் அறிவிப்புப் பலகையிலும் ஆறாம் வகுப்புப் பிள்ளை படிக்கும் உயரத்தில் ஒட்ட வேண்டும். பதில் வராவிட்டால் ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமை மனு நாளில் பிள்ளைகளின் பெற்றோரோடு வந்து நேரில் கேட்போம்.

இப்படிக்கு,
விடுதிப் பிள்ளைகளின் பெற்றோரும் முன்னாள் விடுதி மாணவர்களும்,
திருநகர், மதுரை.